ஒவேர்ன் மலையில் ஒரு மச்சாள்

"பிரான்சிலே எந்த இடத்தில் இருந்தனீர்?" என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். பரிஸ் என்று சொன்னால் கேட்டவருக்குத் திருப்தி. லாச்சப்பலில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி கடை வைத்திருப்பார், பேச்சு வளரும். நான் "ஒவேர்ன்" என்று சொன்னவுடன் முகம் மாறிவிடும். "அது எங்கை கிடக்கு?" பிரான்சின் நடுவே, மாடுகளும் அணைந்த எரிமலைகளும் உள்ள நாட்டுப்புறம் என்று விளக்கினால், "ஐயோ, காட்டுக்குள்ளேயே விட்டவங்கள்?" என்று எனக்காக இரக்கப்படுவார்கள்.

இரக்கப்பட ஒன்றுமில்லை. 2004 செப்ரெம்பரிலிருந்து 2005 யூன் வரை ஒன்பது மாதங்கள் அந்தக் காட்டுக்குள் இருந்தேன். எனக்கு வயது இருபத்தொன்று. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி படித்துக்கொண்டிருந்த எனக்கு மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் இடம் கிடைத்தது. யுத்த நிறுத்த காலம் அது. ஏ-9 பாதை 2002 ஏப்ரலில் திறந்திருந்ததால் உடுவிலிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போய் வரக்கூடியதாக இருந்தது. விசா எடுப்பதற்காக முகமாலையையும் ஓமந்தையையும் அந்த ஆண்டில் எத்தனை தரம் கடந்தேன் என்று கணக்கில்லை. அம்மாவுக்குச் சம்மதமே இல்லை. "குமர்ப்பிள்ளையைத் தெரியாத வீட்டிலே எப்படி விடுகிறது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அப்பா வெங்காயத் தோட்டத்தில் நின்றபடி, "அங்கேயும் தோட்டக்காரர்தானாம். போகட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லால்தான் நான் போனேன்.

கிளெர்மோன் ஃபெரான் என்பது அந்த மாகாணத்தின் பெரிய நகரம். மிஷலின் ரயர்க் கம்பெனியின் ஊர். அதன் பேராலயத்தைக் கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டியிருக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது தீப்பிடித்து எரிந்த கட்டடமாக்கும் என்று நினைத்தேன். எரிந்த கட்டடங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? வகுப்புகள் அங்கே. தங்கியது ஓர்சிவாலுக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூரில், பால்மாடு வளர்க்கும் குடும்பத்துடன். அந்த வீட்டு மகளும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தாள். பழைய ரெனோ 4 கார் ஒன்று வைத்திருந்தாள். கதவைப் பலமாக அடித்தால் கண்ணாடி தானாகக் கீழே இறங்கும்.

போன முதல் கிழமையே ஒரு சிக்கல். பிரெஞ்சில் "வூ" என்றால் நீங்கள், "தியூ" என்றால் நீ. எங்களுக்கு இடையில் "நீர்" என்று ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு அது இல்லை. வீட்டுக்காரரும் மனைவியும் தங்களைத் "தியூ" என்று சொல்லிப் பேரைக் கூப்பிடும்படி கேட்டார்கள். என் அப்பாவின் வயதுள்ள மனிதரைப் பேர் சொல்லி, நீ என்று கூப்பிட என் நாக்கு எழவில்லை. நான் "வூ, வூ" என்று கொண்டு நிற்க, அவர்கள் தங்களை நான் தள்ளி வைப்பதாக நினைத்து வருந்தினார்கள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். எங்கள் ஊரில் பெரியவர்களுக்குப் பேர் இல்லை, முறைதான் உண்டு என்று. "அப்படியென்றால் நாங்கள் என்ன முறை?" என்று கேட்டார் அவர். யோசிக்காமல் "மாமா" என்றேன். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மனைவி மாமி ஆனார். மகள் விடவில்லை. "நான்?" மாமன் மகள் மச்சாள்தானே! அன்றிலிருந்து அவள் எனக்கு மச்சாள். "ச்ச" சரியாக வராமல் "மஷால்" என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த வீட்டில் தொண்ணூறை நெருங்கிய அம்மம்மா ஒருவரும் இருந்தார். அவருக்கு முறை சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் அவர் அம்மம்மாதான்.

ஒக்ரோபரில் மச்சாள் என்னை பியூய் த டோம் மலைக்குக் கூட்டிப்போனாள். 1465 மீற்றர் உயரம். அதைச் சுற்றி ஏறக்குறைய எண்பது எரிமலைகள் ஒரே வரிசையில், புல் மூடி, கவிழ்த்து வைத்த சட்டிகள் போல இருக்கின்றன. 2018இல் யுனெஸ்கோ அந்த வரிசையை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. இப்போது மலையுச்சிக்குப் பற்சக்கர ரயில் போகிறது. அப்போது ரயில் இல்லை. கோவேறு கழுதைக்காரர் பாதை என்று ஒன்று உண்டு, அதால் நடந்து ஏறினோம். நான் போட்டிருந்தது பஞ்சாபியும் கன்வஸ் சப்பாத்தும். பாதி வழியில் மூச்சு வாங்க இருந்துவிட்டேன். "உன் ஊரில் மலை இல்லையா?" என்றாள். "இருக்கிறது, கீரிமலை" என்றேன். "எவ்வளவு உயரம்?" என்றாள். பேரில் மட்டும்தான் மலை, உண்மையில் அது கடற்கரைக் கேணி என்று சொன்னதும் பாதையோரப் புல்லில் விழுந்து சிரித்தாள்.

உச்சியில் உரோமர் காலத்து மேர்க்குரி கோயிலின் அத்திவாரம் இருக்கிறது. 1648இல் பஸ்கால் தன் அக்காவின் கணவர் பெரியேயிடம் பாதரசக் குழாயைக் கொடுத்து இந்த மலையில்தான் ஏறச் சொன்னார். மேலே போகப் போகப் பாதரசம் இறங்கியது. காற்றுக்கும் பாரம் உண்டு என்பதற்கு அது சாட்சியானது. பாடசாலையில் மனப்பாடம் செய்த சங்கதி, காதடைக்க அங்கே நின்றபோதுதான் விளங்கியது.

அந்த வீட்டில் சான் நெக்தேர் சீஸ் செய்தார்கள். காலையும் மாலையும், கறந்த பாலின் சூடு ஆறமுதல் தொடங்க வேண்டும். ஒரு வட்டச் சீஸுக்கு 15 லீற்றர் அளவில் பால் போகும். பிறகு நிலவறையில் குறைந்தது 28 நாள் கிடந்து முதிர வேண்டும். மாமி கிழமையில் பல தரம் அவற்றை உப்புத் தண்ணீரால் கழுவித் திருப்பி வைப்பார். முதல் நாள் நிலவறைக்குள் இறங்கியதும் மூக்கைப் பொத்தினேன். மாமி முகம் வாடியதைக் கண்டு, எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் நீங்கள் வாசலாலேயே ஓடிவிடுவீர்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். தை மாதமளவில் அந்த மணம் எனக்குப் பசியைக் கிளப்பத் தொடங்கியிருந்தது. உருளைக்கிழங்கை வதக்கி முதிராத சீஸைப் போட்டு நூல் நூலாக இழுபடக் கிண்டும் "துருஃபாத்" என்ற சாப்பாட்டுக்கு நான் செத்தல் மிளகாய் இடித்துப் போட்டேன். மாமா அதற்குப் பிறகு மிளகாய் இல்லாமல் தொடுவதில்லை.

நவம்பரில் தியேர் என்ற ஊருக்குப் போனோம். பிரான்சில் கத்தி என்றால் தியேர்தான். தியூரோல் ஆற்றின் வேகத்தால் சாணைக் கற்களைச் சுழற்றி நூற்றாண்டுக் கணக்காகத் தீட்டியிருக்கிறார்கள். முன்பு தொழிலாளர் நாள் முழுதும் பலகையில் குப்புறப் படுத்தபடிதான் கத்தி தீட்டினார்களாம். ஆற்றங்கரைக் குளிருக்குக் காலின்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். அந்தப் படத்தை அங்கே கண்டேன். அப்பாவுக்கு ஒரு மடிப்புக் கத்தி வாங்க ஆசை. விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். மச்சாள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் குறை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு சிறிய கொப்பியில் கணக்கு எழுதிவந்தேன். மச்சாள் எனக்கு வாங்கித் தந்த கோப்பி, மாமி தந்த கம்பளிச் சட்டை, காருக்கு அடித்த பெற்றோல், வீட்டுக்கு எடுத்த தொலைபேசி எல்லாவற்றுக்கும் விலை போட்டு வைத்தேன். போகும்போது கொடுத்துவிட வேண்டும், யாருக்கும் கடன்படக்கூடாது. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற பிள்ளைக்கு இந்த ரோசம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது. அதேபோல ஊரைப் பற்றி அவர்கள் கேட்டால் பனைமரம், திருவிழா, வெங்காயம் என்று சொல்லுவேன். யுத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வெளியே முழங்கால் பனி. குசினி வானொலியில் "ஸ்ரீலங்கா" என்ற சொல்லைக் கேட்டு மாமி மாடிப்படியில் ஓடிவந்தார். கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்றார். உடுவில் கடலோரம் இல்லை. ஆனால் சின்னம்மா முல்லைத்தீவுக் கரையில் இருந்தார். அம்மாவும் தம்பியும் பாடசாலை விடுமுறைக்கு அங்கே போகப் போவதாக முந்திய கிழமைதான் சொல்லியிருந்தார்கள். பாதை திறந்திருந்தபடியால்தான் அந்தப் பயணம். பாதை திறந்ததற்காக நான் வருந்திய நாள் அது ஒன்றுதான்.

தொலைபேசி கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் இல்லை. தொலைக்காட்சியில் ஒரே படம், ஒரே அலை. மாமி அதை நிறுத்திவிட்டு, பூட்ஸைத் தந்து, மாட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். "கை சும்மா இருக்கக்கூடாது" என்றார். பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். மாடு அசையவில்லை.

அன்றிரவு மாமா எனக்காகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எங்கள் இலக்கத்தை அடித்தார். மறுநாள் முழுக்க மச்சாள் அடித்தாள். இரண்டாம் இரவு இரண்டு மணிக்கு, ஊரில் அப்போது காலை ஏழு மணி, இணைப்புக் கிடைத்தது. நான் சோபாவில் கண்ணயர்ந்திருந்தேன். மாமாவின் குரலில் விழித்தேன். தமிழில் தெரிந்த சொற்களை எல்லாம் கத்திக்கொண்டிருந்தார். "வணக்கம்! மாமா! மச்சாள்! வணக்கம்!" மறுமுனையில் என் அப்பா என்ன நினைத்திருப்பார்!

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததால் அம்மாவும் தம்பியும் முல்லைத்தீவுக்குப் போகவில்லை. சின்னம்மாவின் செய்தி புதுவருடத்துக்கு முதல் நாள்தான் வந்தது. அவரும் கணவரும் தப்பிவிட்டார்கள். ஒன்பது வயதான கடைசிப் பிள்ளை போய்விட்டான். நான் புறப்பட முன் தன்னுடைய நிறப் பென்சில் பெட்டியைத் தந்து, "பிரான்சைக் கீறிக்கொண்டு வாங்கோ அக்கா" என்று சொன்னவன். அதற்கு மேல் எழுத இப்போதும் என்னால் முடியவில்லை. இலங்கையில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

தை பிறந்ததும் என் கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்து, தொலைபேசிக் காசை ஓர் உறையில் போட்டு மாமியிடம் நீட்டினேன். அவர் கோபப்பட்டு நான் கண்டது அன்று மட்டுந்தான். "நான் உன் வீட்டுக்கு வந்து, என் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கத் தொலைபேசி எடுத்தால், உன் அம்மா காசு வாங்குவாரா?" என்று கேட்டார். பதில் இல்லை. உறை இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் நானும் மச்சாளும் அதை எடுத்துப்போய்ப் பாண் கடையில் வைத்திருந்த தகரப்பேணியில் போட்டோம். ஊரார் சுனாமி நிவாரணத்துக்குக் காசு சேர்த்த பேணி அது. கொப்பியை அதன் பிறகு நான் எழுதவில்லை.

அந்த நாட்களில்தான் அம்மம்மாவுக்கு 1995 ஒக்ரோபர் 30ஐப் பற்றிச் சொன்னேன். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த கதை. மழை, நாவற்குழிப் பாலம், நகர முடியாத சனம். அம்மம்மா ஆச்சரியப்படவில்லை. "எதைக் கொண்டு போனீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அம்மா தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினார் என்றேன். அவர் தலையசைத்தார். 1940இல் ஜேர்மன் படை வர, பிரான்சின் வடக்கிலிருந்து இலட்சக்கணக்கான சனம் தெற்கே இடம்பெயர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டே ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகம் அப்படியே கிளெர்மோனுக்கு இடம் மாறியிருந்தது. எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் 1995இல் அப்படி இடம்பெயர்ந்ததுதானே. அம்மம்மாவின் தகப்பன் வீட்டில் ஒரு குடும்பம் வந்து தங்கியதாம். அவர்களில் ஒரு பெண் கொண்டுவந்தது ஒரு மணிக்கூடும் ஒரு கோழியும். "மணிக்கூடு ஓடவில்லை, கோழி முட்டையிட்டது" என்றார் அம்மம்மா. மச்சாள் இந்தக் கதையை அதுவரை கேட்டதே இல்லையாம். நான் என் கதையைச் சொல்லப் போய், அவள் தன் வீட்டுக் கதையைக் கேட்டாள்.

ஏப்ரலில் மச்சாளுடன் பரிஸுக்குப் போனேன். அவளுக்குத் தோசை வாங்கிக் கொடுத்தேன், மாணிக்க விநாயகர் கோயிலையும் காட்டினேன். கடையில் நின்ற ஒரு அண்ணை அவளைச் சுட்டி, "இவ ஆர்?" என்று கேட்டார். "மச்சாள்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு நாளில் எனக்கே அந்த மலைக்குத் திரும்பவேண்டும் போல இருந்தது. மே மாதக் கடைசியில் மாடுகளை மலைப் புல்வெளிக்கு ஏற்றுவார்கள். அதைத் தவறவிடக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார்.

தனியாக இருந்த இரவுகளில் நான் படித்த உடுவில் மகளிர் கல்லூரியை நினைப்பேன். 1824இல் அதைத் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையார் அமெரிக்காவின் கனெக்ரிக்கட்டிலிருந்து வந்தவர். 1820இல் உடுவிலுக்கு வந்து, 1833இல் இங்கேயே இறந்தவர். நிறுவுநர் தினத்தில் அவருடைய பேரைச் சொல்லிக் கைதட்டியிருக்கிறோம். ஊரிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்கில் காத்திருந்த ஓர் இளம் பெண்ணாக அவரை நான் எண்ணிப் பார்த்தது ஒவேர்ன் பனியில்தான். அவருக்கு உடுவிலில் கிணற்றடியில் நின்று கதைக்க ஒரு மச்சாள் கிடைத்திருப்பாளா?

புறப்படும் நாள் மாமா ஒரு சிறு பெட்டியைத் தந்தார். தியேரில் நான் பார்த்து வைத்த அதே கத்தி. நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்ட, அவர் கையை இழுத்துக்கொண்டார். "முதலில் காசு தா!" எனக்குப் பகீரென்றது. மச்சாள் சிரித்தாள். கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பை வெட்டிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் ஒரு சிறு நாணயமாவது வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்களாம். எங்கள் வீட்டிலும் கத்தியைக் கையில் கொடுக்கமாட்டோம், கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வோம். கைப்பையைத் துழாவினேன். ஒரு ஐந்து ரூபாக் குற்றி அகப்பட்டது. அதைக் கொடுத்தேன். ஒன்பது மாதத்தில் அந்த வீட்டில் என்னிடம் வாங்கிய காசு அவ்வளவுதான்.

"நீங்கள் எல்லாரும் உடுவிலுக்கு வரவேண்டும்" என்று சொல்லி வந்தேன். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டப்பட்டது. பிறகு நடந்தவை தெரிந்தவை. அவர்கள் வர 2015 தை மாதமானது. மச்சாளும் மாமியும் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாமா வரவில்லை. மாடுகளை யார் பார்ப்பதாம்? வெங்காயத்தை யார் பார்ப்பது என்று ஒரு கலியாணத்துக்கும் போகாத என் அப்பாவுக்கு அந்தக் காரணம் மிகவும் பிடித்துக்கொண்டது.

கந்தரோடையில் சிறு தாதுகோபங்களைக் காட்டினேன். கீரிமலைக்கும் கூட்டிப்போனேன். மச்சாள் கேணிக் கட்டில் நின்று, கையை நெற்றியில் வைத்து, "மலை எங்கே?" என்று தேடினாள். மருதனார்மடம் சந்தையில் மாமி வெங்காயத்தை முகர்ந்து பார்த்து விலை கேட்டார். ஒன்றுதான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்து வருடம் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசியிருந்தேன். அவர்கள் வந்த மாதம், சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற பிரச்சினை பெரிதாகி, எங்கள் பகுதிச் சனம் பௌசர் தண்ணீருக்குக் குடத்துடன் நின்றுகொண்டிருந்தது. வோல்விக் தண்ணீர் ஊறும் மலையிலிருந்து வந்தவளுக்குக் கடைப் போத்தலில் தண்ணீர் கொடுத்தேன். மாமி கிணற்றுக்குள் நெடுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு குடத்தை எடுத்து, என் அம்மாவுக்குப் பின்னால் பௌசர் வரிசைக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவின் கையில் அந்தத் தியேர்க் கத்தி தேய்ந்து பாதியாகியிருந்தது. வெங்காயத் தாள் அரிந்து அரிந்து. அதை மாமாவுக்குக் காட்ட மச்சாள் படமெடுத்துக்கொண்டாள். அவர்கள் வெளிக்கிடும் காலை அப்பா உள்ளே போய், தன் தாயாரின் பித்தளைப் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து மாமாவுக்கென்று திண்ணையில் வைத்தார். மச்சாள் அதை எடுக்கவில்லை. பையைத் திறந்து ஒரு யூரோ நாணயத்தை எடுத்து, அப்பாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் பாக்குவெட்டியைத் தொட்டாள்.

நாணயம் எங்கள் சாமிப்படத் தட்டில் இருக்கிறது. பாக்குவெட்டியால் மாமா இப்போது அக்ரூட் உடைக்கிறாராம்.